உறவுக்கு உத்தரவு

திருத்தணிக்கு மொட்டை போட வருகிறவர்கள் உண்டு, காவடி எடுக்க வருகிறவர்கள் உண்டு. நான் போனது ஒரு கலியாணம் செல்லுமா செல்லாதா என்று விசாரிக்க. யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்க வேதக்காரன் ஒருவன் கடல் தாண்டி வந்து முருகன் மலையடிவாரத்தில் பெட்டியும் குடையுமாக நிற்பதற்கு வேறு காரணம் இருக்க முடியாது.

என் தங்கை றோஸ்மேரிக்குக் கலியாணம் தட்டிக்கொண்டே போனது. கொழும்பில் அவள் வேலை செய்யும் கந்தோரில் சபாபதி என்று ஒரு கணக்கர். திருத்தணிக்காரர். எங்கள் வீட்டுக்கு வந்தால் தேத்தண்ணி குடித்துவிட்டுக் கோப்பையைத் தானே கழுவிவைக்கிற மனிதர். ஞானஸ்நானம் பெற்று அவளைக் கட்டச் சம்மதம் என்றார். பங்குச் சுவாமி வழக்கமான கேள்வியைக் கேட்டார்: "தம்பி, நீர் முந்தி எங்கேயாவது கலியாணம் கட்டினனீரோ?" சபாபதி மறைக்கவில்லை. ஊரில் தம்முடைய அக்கா மகளுக்குத் தம்மைத் தாலி கட்ட வைத்ததாகவும், அவளோடு குடும்பம் நடத்தவே இல்லை என்றும், திருச்சபைச் சட்டப்படி அக்கா மகளைக் கட்டுவது கலியாணமே அல்லவென்று கேள்விப்பட்டதாகவும் சொன்னார்.

சுவாமி உடனே என்னைப் பார்த்தார். அதற்குக் காரணம் உண்டு. லண்டனில் நான் சில வருடங்கள் செலவழித்துப் படித்த படிப்பு, என் மனைவிகூட ஒரு பக்கத்துக்குமேல் வாசிக்காத ஆராய்ச்சி, இதைப் பற்றியதுதான்: பழைய இங்கிலாந்தில் பிரபுக்கள் தங்கள் உறவுக்குள்ளேயே கலியாணம் செய்வதற்குத் திருச்சபையிடம் உத்தரவு வாங்கிய கதை.

அந்தக் காலத்தில் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் பாட்டனுடைய பாட்டன் ஒருவராக இருந்தாலே போதும், கட்டக்கூடாது. ஆனால் நிலபுலம் உள்ள பிரபுக் குடும்பங்கள் கொஞ்சம்தான். எல்லாரும் எல்லாருக்கும் உறவு. ஆகவே ரோமாபுரியிலிருக்கும் பாப்பரசரிடம் ஆள் போகும். இந்தக் கலியாணத்தால் பகை தீரும், தகுதிக்கேற்ற வேறு பெண் இந்தப் பக்கத்தில் இல்லை என்று காரணம் சொல்வார்கள். நிலம் பிரியாது என்பதுதான் உண்மைக் காரணம். சிலர் முதலில் கட்டிப் பிள்ளையும் பெற்றுவிட்டு, உறவென்று தெரியாமல் போயிற்று என்று பிறகு கையேந்துவார்கள். கொஞ்சக் காலம் பிரிந்திரு, கோவிலுக்கு ஏதாவது செய், மறுபடி கட்டிக்கொள் என்று உத்தரவு வரும். பிள்ளைகளும் முறையான பிள்ளைகள் ஆகிவிடும்.

இதன் மறுபக்கம் அசிங்கமானது. மனைவி சலித்துப்போன பிரபுவுக்குத் திடீரென்று மனச்சாட்சி விழிக்கும். ஐயோ, இவள் எனக்குச் சொந்தமாச்சே, இத்தனை வருடம் பாவத்தில் கிடந்தேனே என்பான். கிழவர்கள் வந்து சத்தியம் பண்ணி வம்சாவளி ஒப்பிப்பார்கள். கலியாணம் கலைந்துவிடும். அந்தப் பெண் பிறகு எங்கே போனாள், என்ன சாப்பிட்டாள் என்று பல இடங்களில் யாரும் எழுதிவைக்கவில்லை. சபாபதி சொன்னதைக் கேட்டதும் எனக்கு அந்தப் பிரபுக்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். கோப்பை கழுவுகிற பிரபு.

"அந்தச் சட்டம் திருச்சபைக்குள்ளே இருக்கிற ஆக்களுக்குத்தான் சுவாமி. வெளியிலே நடந்த கலியாணத்தை அவையின்ர வழக்கப்படிதான் பார்க்கவேணும்" என்றேன். படித்ததைச் சொல்லிவிட்டால் அதோடு விடுவார்களா? "அப்ப நீங்களே போய் அவையின்ர வழக்கம் என்னெண்டு பார்த்துக்கொண்டு வாங்கோ" என்றார். "அந்தப் பிள்ளையையும் கேளுங்கோ." இப்படித்தான் நான் புறப்பட்டேன்.

சென்னையிலிருந்து போன பஸ் கனகம்மாசத்திரத்தில் நின்றது. நின்றது என்பதைவிட இருமி விழுந்தது என்று சொல்லலாம். முன்பக்கத்திலிருந்து புகை வந்தது. டிரைவர் இறங்கிப் பீடி பற்றவைத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார், அது யாரோ வேறு ஒருவருடைய பஸ் என்பதுபோல. நாங்கள் எல்லாரும் இறங்கி ஒரு கடலைக் கடைக்குப் பக்கத்தில் வெயிலில் நின்றோம்.

என் பக்கத்தில் இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். வேர்க்கடலை தின்றுகொண்டிருந்த ஒருவர் நான் கேட்காமலே எனக்கு அதைத் தமிழில் சொல்லிக்கொண்டுவந்தார். ஒருத்தி தன் மகளுக்கு மாப்பிள்ளை தேடுகிறாளாம். மற்றவள் சொல்கிறாள்: உன் கூடப்பிறந்தவன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது எதற்கு ஊர் ஊராக அலைகிறாய், வெளியே கொடுத்தால் நம் பிள்ளையை யார் பார்ப்பார்கள்? முதலாமவள் பெருமூச்சு விட்டு, அவன் வேண்டாம் என்கிறானே என்கிறாள். அவன் யார் வேண்டாம் என்பதற்கு, என்கிறாள் மற்றவள்.

எனக்கு உடம்பு கூசியது. எங்கள் பக்கத்தில் மச்சாளை, அதாவது மாமன் மகளைக் கட்டலாம். அக்கா மகளைக் கட்டுவது என்றால் காதைப் பொத்திக்கொள்வார்கள். அவள் நாங்கள் தூக்கி வளர்த்த பிள்ளை. அதே சமயம் எங்கள் மச்சாள் கலியாணத்தைக் கேட்டால் அந்தப் பழைய பாப்பரசர் காதைப் பொத்திக்கொண்டிருப்பார். ஆளுக்கொரு இடத்தில் கோடு கிழித்து வைத்திருக்கிறோம், அவரவர் கோடுதான் கடவுள் கிழித்தது.

"நாம இப்ப ஆந்திராவுல கீறோம், தெரியுங்களா?" என்றார் கடலை தின்றவர். பலகைகள் தெலுங்குக்கு மாறிவிட்டன. எல்லை எங்கே என்று இன்னும் சண்டை ஓயவில்லையாம். எங்கள் நாட்டிலும் மொழிச் சண்டை தொடங்கிவிட்டது என்றேன். "எல்லா ஊர்லயும் இதே ரோதனைதான்" என்று கடலைத் தோலை ஊதிவிட்டார்.

ஒருவழியாகத் திருத்தணி போய்ச் சேர்ந்து ஒரு சத்திரத்தில் பெட்டியை வைத்தேன். மலையில் நாதஸ்வரம் கேட்டது. தெருவெல்லாம் சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள். மலையடியில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் அமிர்தம் என்பவர்தான் சபாபதியின் அக்கா. விசாரிக்கவே வேண்டியிருக்கவில்லை, சாப்பிட வேண்டும் என்றதும் ஜட்காக்காரன் நேரே அங்கேதான் கொண்டுபோய் விட்டான். கைம்பெண். பெரிய உடம்பு, சின்னக் குரல். நான் சிலோனிலிருந்து வருகிறேன் என்றதும் கையிலிருந்த கரண்டியோடு வெளியே வந்துவிட்டார்.

"ஸிலோன்லேர்ந்தா? எந்தம்பி அங்கதாங்க கீறான். சபாபதின்னு. அவனைத் தெரியுமா உங்களுக்கு?"

தெரியும் என்றேன். அதற்குமேல் அன்றைக்கு என்னால் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அவர் என்னை உட்காரவைத்து இலை போட்டுவிட்டார். வருகிறவர்களுக்குச் சோறு, வீட்டு மனிதர்களுக்குக் களி. நான் தம்பியைத் தெரிந்தவன் என்பதால் வீட்டு மனிதன். கேழ்வரகுக் களி, ஒரு பந்து அளவு, நடுவில் குழி, குழியில் புளிச்சக்கீரை. நான் அதை மென்றேன். "மெல்லக் கூடாதுங்க, முழுங்கணும்" என்று உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. முழுங்கினேன். கீரையின் காரம் காது வழியாக வந்தது. தேங்காய்ப்பால் இல்லாத உலகத்தில் மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

உள்ளேயிருந்து பேசியவள்தான் தேசம்மா, அமிர்தத்தின் மகள். சபாபதியின் மனைவி அல்லது மருமகள், எப்படிச் சொல்வதென்று தெரிந்துகொள்ளத்தான் நான் வந்திருந்தேன்.

மறுநாள் காலை, அந்தக் காலத்தில் மேற்றிராணியார், அதாவது ஆயர், அனுப்பும் விசாரணைக்காரர்கள் செய்வதைப்போல, ஊரில் நாலு பேரைக் கேட்டேன். சவரம் பண்ணிய நாவிதரைக் கேட்டேன், பூக்கடைக்காரியைக் கேட்டேன், சத்திரத்துக் கணக்குப்பிள்ளையைக் கேட்டேன்: சபாபதிக்கும் தேசம்மாவுக்கும் என்ன உறவு? எல்லாரும் ஒரே பதில் சொன்னார்கள். "சொந்த அக்கா பொண்ணுங்க. தாய்மாமனே தாலி கட்டினான். அதைவிட இன்னாங்க வேணும்?" லண்டனில் நான் வாசித்த கிழவர்களும் இதே சாட்சியைத்தான் சொன்னார்கள். அங்கே கலியாணத்தைக் கலைத்த சாட்சி, இங்கே அதைக் கெட்டியாக்கும் சாட்சி.

பிறகு அமிர்தத்தின் கடைக்குப் போய் உண்மையைச் சொன்னேன். கூட்டம் ஓய்ந்திருந்தது. அவர் அரிவாள்மணையில் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"சபாபதி எங்கட சமயத்துக்கு வாறார் அம்மா. என்ர தங்கச்சியைக் கட்டப் போறார்."

கத்திரிக்காய் நறுக்குவது நிற்கவில்லை. "அவனுக்குப் பொண்டாட்டி கீதே" என்றார்.

அது எங்கள் சட்டத்தில் கலியாணம் ஆகுமா என்று கேட்கிறார்கள் என்றேன். விளக்கம் சொல்லப் போய், இங்கிலாந்துப் பிரபுக்கள் வரை இழுத்துவிட்டேன். வாத்தியார் வேலை பார்க்கிறவனின் புத்தி. உறவில் கலியாணம் செய்ய ரோமாபுரியில் இருக்கிற பெரிய சாமியாரிடம் உத்தரவு கேட்பார்கள், அவர் கொடுத்தால்தான் கட்டலாம் என்றேன். அமிர்தம் முதல் தடவையாகக் கையை நிறுத்தினார்.

"சொந்தத்துல கட்றதுக்கா உத்தரவு கேப்பாங்க? வெளியே கட்றதுக்குக் கேட்டா நாயம்."

சொல்லிவிட்டு அடுத்த கத்திரிக்காயை எடுத்தார்.

பிறகு அவரே பேசினார். "எங்கம்மா செத்தப்ப அவன் தவழ்ந்துகினு இருந்தான். அவனை இடுப்புல வச்சிகினுதாங்க நான் புருசன் வூட்டுக்கே வந்தேன். எனக்குப் பொறந்தது ஒண்ணு, நான் வளத்தது ஒண்ணு. பொண்ணை வெளியே குடுத்தா பொண்ணு பூடும். அவனுக்கு வெளியே பொண்ணு எடுத்தா அவன் பூடுவான். ரெண்டும் எங்கிட்டயே இருக்கட்டும்னு பண்ணேன். இதுல இன்னா தப்பு?"

பிரபுக்கள் நிலத்துக்காகச் செய்ததை இவர் பாசத்துக்காகச் செய்திருக்கிறார். அவர்களை வெறுத்ததுபோல இவரை வெறுக்க முடியவில்லை, அதனால் எனக்கு எரிச்சல்தான் வந்தது. சபாபதி கலியாணம் நடந்த வருடமே போனவர், திரும்பி வரவில்லை. ஒவ்வோர் ஆடிக் கிருத்திகைக்கும் அவர் வரவேண்டும் என்று தேசம்மாவைக் காவடி தூக்க வைத்து மலையேற்றுகிறாராம் அமிர்தம். "இந்த வருசம் வந்துடுவான்" என்றார் என்னிடம், என் தங்கை கதையைக் கேட்ட பிறகும்.

மத்தியானம் சத்திரத்துக்குத் தேசம்மாவே சாப்பாடு கொண்டுவந்தாள். வாசலில் தூக்கை வைத்துவிட்டுப் போகவில்லை. மெலிந்த பெண், தாயைப்போல இல்லை; சபாபதியின் நெற்றியும் மூக்கும் அப்படியே இருந்தன. அதைப் பார்த்ததும் எனக்கு ஒருமாதிரி ஆகிவிட்டது. சத்திரத்து ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள், அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை.

"என்னைக் கேக்கணும்னு வந்திருக்கீங்களாமே. கேளுங்க."

"பிள்ளை, அவரோட சேர்ந்து குடும்பம் நடத்த உங்களுக்கு விருப்பமோ?"

அவள் சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டாள். "மாமா என்னைத் தோள்ல தூக்கிகினு மலைக்குப் போனவருங்க. எனக்குக் காது குத்தினப்ப அவரு மடியிலதான் உக்காந்தேன், அவரு கையைக் கடிச்சி வச்சேன். அப்பிடி இருந்தவரை ஒரு நாளு இவருதான் உம் புருசன்னாங்க. உள்ள வுட்டுக் கதவைச் சாத்தினாங்க. ரெண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில உக்காந்துகினு அழுதோம். அவருதான் மொதல்ல அழுதாரு."

அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அவரு ஓடிட்டாரு. ஆம்பளை, ஓடலாம். நான் எங்க ஓட்றது? புருசன் வூட்டைவுட்டு அம்மா வூட்டுக்குப் போவலாம்னா, ரெண்டும் ஒரே வூடு. எங்க நைனாவோட தங்கச்சி அம்மையார்குப்பத்துல கீறாங்க, தறி வச்சிருக்காங்க. அங்க போயி வேலை செஞ்சி பொழைச்சிக்குவேன். தீத்து வுடாம போனா, புருசன் வூட்டை வுட்டு ஓடினவள்னு பேராவும். எனக்குத் தீத்து வுட்டுடச் சொல்லுங்க. அது போதும்."

அவர்கள் ஜனங்களில் கலியாணத்தைத் தீர்ப்பதற்கு வழி உண்டு என்று அவள்தான் சொன்னாள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர், ஒரு வைக்கோல் துரும்பின் இரண்டு முனையையும் பிடித்து நாலு பேர் முன்னால் இழுத்து அறுக்க வேண்டும். மாப்பிள்ளை இருக்கவேண்டும் என்றில்லை, அவன் வீட்டார் இருந்தால் போதும். அறுந்தால் தீர்ந்தது, இரண்டு பேரும் வேறு கலியாணம் செய்யலாம். பாப்பரசருக்கு ஆள் அனுப்பிக் காத்திருந்த பிரபுக்களை நினைத்தேன். இங்கே ஒரு துரும்பு போதும்.

"அப்ப ஏன் இவ்வளவு நாளும் செய்யேல்லை?"

"ரெண்டு வூடு வேணுமேங்க. பொண்ணு வூட்டுக்கும் அம்மாதான் பெரியவங்க, மாப்பிள்ளை வூட்டுக்கும் அம்மாதான் பெரியவங்க. வேற யாரும் இல்ல. அவங்க மாட்டேன்றாங்க."

அவள் போன பிறகு சாப்பிட முடியவில்லை. கைவிட்ட பிரபுவையும் கைவிடப்பட்ட சீமாட்டியையும் தேடி வந்தேன். அந்தக் காலத்தில் இன்னொரு வகையும் இருந்தது: பெரியவர்கள் நிலத்தைப் பார்த்துச் சேர்த்துவைத்த சின்னஞ்சிறுசுகள். அவர்களுக்காக உத்தரவு கேட்டார்கள், வாங்கினார்கள். அவர்களைக் கேட்கவில்லை. சபாபதியைப் பற்றி வழியெல்லாம் நான் நினைத்து வந்ததற்காக வெட்கப்பட்டேன்.

அன்று மாலையே அவர்கள் ஜனங்களுக்கு நாட்டாண்மைக்காரரான ஏகாம்பரத்தைப் போய்ப் பார்த்தேன். ஆர்.கே.பேட்டைக்குப் போன டவுன் பஸ் வழியில் சேற்றில் இறங்கி, நாங்கள் இறங்கித் தள்ளி, என் ஒரே நல்ல வேட்டி நாசமானது. அவர் மரியாதைக்காரர், சேற்றைப் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "ஆங், காலையில வர்றேன்" என்றார்.

காலையில் அமிர்தத்தின் கடைமுன் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிவிட்டார்கள். மலைக்குப் போகிறவர்களும் நின்று பார்த்தார்கள். நாட்டாண்மைக்காரர் பெஞ்சில் உட்கார்ந்து தேசம்மாவைக் கேட்டார். அவள் என்னிடம் சொன்னதை அத்தனை பேர் முன்னாலும் சொன்னாள், மூலையில் உட்கார்ந்து அழுததையும். கடைசியில், "இந்த ஆடிக்கு நான் காவடி எடுக்கமாட்டேன்" என்றாள்.

அமிர்தம் அடுப்படியிலிருந்து வந்தார். "எங்கிட்ட இதெல்லாம் சொல்லவேயில்லியேடி."

"நீ கேக்கவேயில்லியே."

அமிர்தம் கடைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். நாட்டாண்மைக்காரர் தொண்டையைச் சரிப்படுத்திக்கொண்டு, பெண் சொல்வது நியாயம், ஆனால் இரண்டு பக்கம் வேண்டும் என்றார். பிறகு அவர் பார்வை என்மேல் விழுந்தது.

"நீங்க சபாபதி பக்கத்துலேர்ந்து வந்திருக்கீங்க. மாப்பிள்ளை வூட்டுக்கு நீங்களே புடிங்க, பொண்ணு வூட்டுக்கு அவங்கம்மா புடிக்கட்டும். அண்ணன் முறையா நின்னு புடிச்சா செல்லும்."

யாரோ கூரையிலிருந்து ஒரு துரும்பை உருவினார்கள். நான் தயங்கவில்லை. அந்தப் பெண் விடுதலையாக வேண்டும், என் தங்கைக்கும் அதுதான் வேண்டும், பிடித்துவிட்டுப் போகிறேன். கையை நீட்டினேன். அமிர்தம் வந்து என் கையைத் தட்டிவிட்டார்.

"வாணாம். நீங்க புடிச்சா அவனுக்கு அண்ணன் ஆயிடுவீங்க. அப்ப உங்க தங்கச்சி அவனுக்கும் தங்கச்சி. அப்புறம் அவன் அவங்களை எப்பிடிக் கட்டுவான்? இதுவும் இல்லாம, அதுவும் இல்லாம நிப்பான்."

நாட்டாண்மைக்காரர் தலையாட்டினார். நான் நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன். அந்தப் பழைய இங்கிலாந்தில் ஒரு பிள்ளையின் ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்றவள் அந்தப் பிள்ளையின் தகப்பனை மணக்க முடியாது. சடங்கில் நின்றதே உறவாகிவிடும், அதற்கும் தனி உத்தரவு வேண்டும். அதைப் பற்றி நான் ஓர் அத்தியாயமே எழுதியிருக்கிறேன். இந்த அம்மாள் தம்பியின் மறு கலியாணத்தைக் காப்பாற்ற அதையே ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். தம் மகளை விட்டுப்போகிற தம்பியின் கலியாணத்தை.

"குடுங்க" என்று துரும்பை வாங்கினார். ஒரு முனையை வலது கையில் பிடித்தார். "இது எந்தம்பி பக்கம்." மற்ற முனையை இடது கையில் பிடித்தார். "இது எம்பொண்ணு பக்கம்." எல்லாருக்கும் தெரியும்படி நெஞ்சுக்கு நேரே உயர்த்தினார். துரும்பு இரண்டு மூன்று தடவை விரலிலிருந்து நழுவியது. பிறகு அறுந்தது. சத்தமே வரவில்லை.

தேசம்மா தாலியைக் கழற்றினாள். மாப்பிள்ளை வீட்டாரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது முறை. அமிர்தத்தின் வலது கையில் வைத்தாள். அவர் விரல்களை மூடிக்கொண்டார்.

நாட்டாண்மைக்காரர் எழுந்து நின்று முடிவைச் சொன்னார். "தீந்துபோச்சு. இன்னிலேர்ந்து ரெண்டு வூட்டுக்கும் போக்குவரத்து இல்ல. தண்ணி புழங்கக் கூடாது, நல்லது கெட்டதுக்குப் போகக் கூடாது."

கூட்டம் கலையத் தொடங்கியது. அமிர்தம் நின்ற இடத்திலிருந்து கேட்டார். "நான் எந்த வூடுங்க?"

நாட்டாண்மைக்காரர் திரும்பிப் பார்த்தார். அந்தக் கேள்வியை யாரும் அவரிடம் அதுவரை கேட்டிருக்கமாட்டார்கள். "பொண்ணு உங்கிட்டதானே கீது. நீ பொண்ணு வூடுதாம்மா" என்றார். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை, ஏதாவது ஒன்று சொல்லவேண்டியிருந்தது.

அமிர்தம் கிணற்றடிக்குப் போய்த் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். கட்டிய சேலையோடு குடம் குடமாக ஊற்றினார். தேசம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, போய்க் குடத்தைப் பிடுங்கி வைத்தாள். இரண்டு பேரும் அங்கேயே ஈரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நான் சத்திரத்துக்குப் போய்ப் பெட்டி கட்டினேன். வந்த காரியம் நான் நினைத்ததைவிட நன்றாகவே முடிந்திருந்தது. சுவாமி சந்தோஷப்படுவார், றோஸ்மேரி அழுவாள், சபாபதி கோப்பையைக் கழுவிவைப்பார். எனக்குத் திருத்தணியைவிட்டு எப்போது போவோம் என்றிருந்தது.

மத்தியான பஸ்ஸுக்குத் தேசம்மா தன் துணிமூட்டையோடு வந்தாள். அவள் ஏறவேண்டியது வேறு பஸ், அம்மையார்குப்பம் போவது. அது முதலில் வந்துவிட்டது. ஏறும்போது என்னிடம், "மாமாவை உடம்பைப் பாத்துக்கச் சொல்லுங்க" என்றாள். கொஞ்சம் யோசித்து, "நான் நல்லா கீறேன்னு சொல்லுங்க" என்றாள். முகத்தில் அழுகை இல்லை. அவளுக்காக நான் சந்தோஷப்பட்டேன், இந்தப் பயணத்தில் அது ஒன்றுதான் சந்தோஷம்.

பஸ் போன பிறகுதான் அமிர்தம் மரத்தடியில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். தலை இன்னும் காயவில்லை. மடியில் ஒரு டின் இருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து வந்து நீட்டினார்.

"பருப்புப் பொடிங்க. அவனுக்கு இதுன்னா உசுரு. கத்திரிக்காய் மட்டும் போட்டுடாதீங்க, தொடமாட்டான். உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க."

நான் கை நீட்டியதும் டின்னைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "தண்ணி புழங்கக் கூடாதுன்னுட்டாரே" என்றார். டின்னையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அதைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார்.

என் பஸ் வந்து நின்றது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அவர் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார்.

"ஐயா, ரோமாபுரியில ஒரு பெரிய சாமியாரு கீறாருன்னீங்களே. சொந்தத்துல கட்றதுக்கெல்லாம் உத்தரவு குடுப்பாருன்னு."

"ஓம் அம்மா."

"அக்காளா இருக்கறதுக்கு உத்தரவு குடுப்பாருங்களா?"

எத்தனையோ உத்தரவுகளை வாசித்தவன் நான். மூன்றாம் தலைமுறைக்கு, நாலாம் தலைமுறைக்கு, ஞானத்தாய்க்கு, அறியாமல் கட்டியவர்களுக்கு. இப்படி ஒன்றை யாரும் கேட்டதாகக்கூட எங்கும் இல்லை.

"கேட்டுப் பாக்கிறன்" என்றேன்.

பஸ் நகர்ந்தது. அவர் ஒரு கையால் டின்னைப் பிடித்துக்கொண்டு ஜன்னலோடு கூடவே வேகமாக நடந்து வந்தார்.

"எப்பங்க தெரியும்?" என்று கேட்டார்.